கறுப்புக்கு எடை இல்லை

பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்து உருவாக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பு 1985 முதல் இயங்கிவருகிறது. அதன் தாளில் ஒரு கோப்பை பீருக்கு மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10, வாய்க்குள் அது எப்படிப் படிகிறது என்பதற்கு 5. நிறம், தெளிவு, நுரை எல்லாவற்றையும் சேர்த்துத் தோற்றத்துக்குக் கிடைப்பது வெறும் 3. இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கி மதிப்பிடப்படும் பீர் ஒன்று உண்டென்றால் அது ஸ்டவுட். கறுத்த திரவத்தையும் அதன்மேல் நிற்கும் வெளிறிய நுரையையும் பார்த்த கணத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது: கனமானது, போதை அதிகம், கடுமையாகக் கசக்கும், வயிற்றை அடைக்கும். பிடிக்காதவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பிடித்தவர்கள் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் பாடம் எடுத்தது கண்தான். இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கறுப்பு நிறத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு ஸ்டவுட்டை ஒழுங்காகச் சுவைத்துப் பார்க்க வேண்டுமானால், கண் முந்திக்கொண்டு சொன்னதை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். சிறிய ஆலைகளில் வடிக்கப்படும் கிராஃப்ட் ஸ்டவுட் விஷயத்தில் இது இன்னும் அவசியம். அங்கே கறுப்போடு லேபிளும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது.

முதலில் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எல்லா பீரையும்போல ஸ்டவுட்டுக்கும் அடிப்படை முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட். அதில் பெரும்பகுதி வெளிர் நிற மால்ட்தான். ஐரிஷ் பாணி ஸ்டவுட்டில் மொத்தத் தானியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே கறுக்க வறுத்த பார்லி. சுமார் 230 டிகிரி செல்சியஸில், கருகுவதற்குச் சற்று முன் நிறுத்தி, அதை வறுத்தெடுக்கிறார்கள். முழுக் கொப்பரையையும் கறுப்பாக்க அந்தப் பத்தில் ஒன்று போதும். பாலில் ஊற்றிய டிகாக்‌ஷன் பாலின் நிறத்தை மாற்றுகிறது, பாலைக் கெட்டியாக்குவதில்லை. இங்கே நடப்பதும் அதுதான். போதாததற்கு அது உண்மையான கறுப்பும் அல்ல. கோப்பையின் அடிப்பகுதியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பல ஸ்டவுட்டுகள் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும்.

கனம் என்பது வேறு கணக்கு. நொதித்து முடித்த பிறகும் ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த சர்க்கரைகளும் மாவுச்சத்தின் துணுக்குகளும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. நீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்துக்கொண்டால், ஐரிஷ் ஸ்டவுட்டின் இறுதி அடர்த்தி 1.007 முதல் 1.011 வரை இருக்கலாம் என்கிறது நடுவர்களின் கையேடு. சாதாரண அமெரிக்க லாகருக்கு அதே கையேடு தரும் வரம்பு 1.004 முதல் 1.010 வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. மறுபுறம் இம்பீரியல் ஸ்டவுட்டின் வரம்பு 1.018 முதல் 1.030 வரை போகிறது; ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம். ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு அது 5 சதவீதத்தைத் தாண்டாது. இந்த இரண்டு ஸ்டவுட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. உலகெங்கும் தெரிந்த உதாரணம் கின்னஸ் டிராஃப்ட்: ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம், 355 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 125 கலோரி. பொன்னிறமாக மின்னும் பட்வைசர் 5 சதவீதம், அதே அளவுக்குச் சுமார் 145 கலோரி. 'லேசான பீர் கொடுங்கள்' என்று கேட்டு லாகரை வாங்குகிறவர், மேசையின் எதிர்ப்புறம் இருக்கும் கறுப்புக் கோப்பையைவிடக் கூடுதலாகவே உள்ளே தள்ளுகிறார். இன்னும் சாட்சி வேண்டுமென்றால் ஜெர்மனியின் துரிங்கியாவில் வடிக்கப்படும் கோஸ்ட்ரிட்சர் இருக்கிறது. பார்வைக்கு ஸ்டவுட்டின் உடன்பிறப்பு, வாய்க்குச் சுத்தமான லாகர், 4.8 சதவீதம்.

கறுப்புக்கும் வலிமைக்கும் முடிச்சுப் போட்டது வரலாறு. 18ஆம் நூற்றாண்டு லண்டனின் உழைப்பாளிகள் குடித்த போர்ட்டர் பழுப்பு நிறம்; அதில் வலுவான வகைதான் ஸ்டவுட் எனப்பட்டது. சதர்க்கில் இருந்த ஆங்கர் ஆலை அதிலும் வலுவான ஒன்றை ரஷ்ய அரசவைக்கு அனுப்பியது. இம்பீரியல் என்ற அடைமொழி அந்த வழியில் வந்தது. அதே காலத்தில் அடர்த்திமானி ஆலைக்குள் நுழைந்தது. பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டிலிருந்து அதிகச் சர்க்கரை இறங்குகிறது என்று அது காட்டிக்கொடுத்ததும் முதலாளிகள் கணக்குப் போட்டார்கள்: வெளிர் மால்ட்டில் வடித்துவிட்டு நிறத்தைத் தனியாகச் சேர்த்தால் லாபம். அந்த நிறத்துக்குச் சட்டப்படியான வழியைத் தந்தவர் டேனியல் வீலர். மால்ட்டைக் கறுக்க வறுக்கும் உருளைக்கு 1817இல் அவர் காப்புரிமை பெற்றார். நிறமும் வலிமையும் தொழில்நுட்பரீதியாகப் பிரிந்த ஆண்டு அது என்று சொல்லலாம். அதன்பின் எத்தனை வலுவான பீரையும் வெளிறலாக வடிக்கலாம், எத்தனை மென்மையான பீரையும் கறுப்பாக்கலாம். முதல் உலகப் போர்க் காலத்துத் தானியத் தட்டுப்பாடும் வரிகளும் பிரிட்டிஷ் பீரின் வலிமையைக் கீழே இறக்கியபோது, ஸ்டவுட்டும் சேர்ந்து இறங்கியது. கறுப்பு மட்டும் அப்படியே நின்றது. குடிப்பவர் மனதில் இருந்த பழைய அபிப்பிராயமும்தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். கின்னஸை வாயில் வைத்தால் கனமாகத்தானே இருக்கிறது, அதுவுமா கண்ணின் வேலை? இல்லை, அது வாயுவின் வேலை. சாதாரண பீரில் கரைந்திருப்பது கரியமில வாயு. அது நீரில் எளிதாகக் கரையும், நாக்கில் சுருக்கென்று குத்தும், கரைந்த நிலையில் சிறிது புளிப்பையும் தரும். 1950களில் கின்னஸில் வேலை பார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர், குழாயில் பிடிக்கும் ஸ்டவுட்டுக்குப் பழைய பீப்பாயின் மென்மையைக் கொண்டுவரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1959இல் வந்த அவருடைய ஏற்பாட்டில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்து பயன்பட்டன. நைட்ரஜன் பீரில் மிகக் குறைவாகவே கரைகிறது. நுண்துளைத் தட்டின் வழியே அழுத்தத்தோடு பீரைப் பிதுக்கும்போது பொடிப்பொடியான குமிழ்கள் உண்டாகின்றன; அவை எளிதில் பெரிதாகி உடைவதில்லை. குத்தல் குறைந்து, ஆடைபோன்ற நுரை நாக்கில் படியும்போது, மூளை அதைக் கெட்டித்தன்மை என்று பதிவுசெய்கிறது. அதே பீரைக் கரியமில வாயுவோடு புட்டியில் அடைத்தால் மெலிந்து, கூர்மையாகி, வேறொரு பீராகத் தெரியும். கோப்பைக்குள் குமிழ்கள் கீழ்நோக்கி இறங்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கும் காரணம் உண்டு. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் 2012இல் விளக்கியபடி, மேலே அகன்று கீழே குறுகும் கோப்பையில் குமிழ்கள் நடுவே மேலேறி, தம்மோடு பீரையும் இழுத்துச் செல்கின்றன. அந்தப் பீர் சுவரோரமாகக் கீழிறங்கும்போது அங்கிருக்கும் சிறு குமிழ்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கோப்பையின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் சுழற்சியும் திரும்பிவிடும். நாம் பார்ப்பது ஓரத்தை மட்டும் என்பதால் எல்லாமே இறங்குவதாக நம்புகிறோம்.

கண் நாக்கை எந்த அளவுக்கு ஆளுகிறது என்பதற்கு மிகப் பிரபலமான சோதனை பீரில் நடந்ததல்ல, ஒயினில் நடந்தது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்து மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். சாயம் கலந்ததற்கு மாணவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள். 2001இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, சுவை பார்ப்பதே பம்மாத்து என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டவுட்டில் காப்பி மணக்கிறது, கறுப்புச் சாக்லேட் தெரிகிறது, உலர்ந்த அத்திப்பழம் வருகிறது என்று ஒருவர் அடுக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் வருவது இயல்பே. 1964இல் வெளியான ஆலிசன், ஊல் இருவரின் ஆய்வும் அந்த எரிச்சலுக்குத் துணைநிற்கும்: லேபிள் கிழித்த புட்டிகளைக் கொடுத்தபோது, வழக்கமாகக் குடிப்பவர்களால் தங்கள் பிரியமான பீரை அடையாளம் காண முடியவில்லை, லேபிளோடு கொடுத்ததும் அதே பிரியம் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் இந்தச் சான்றுகள் நிரூபிப்பது ஒன்று, அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு வேறொன்று. மாணவர்களின் மூக்கு வேலை செய்யவில்லை என்று போர்தோ ஆய்வு சொல்லவில்லை. மூக்கு பேசுவதற்குமுன் கண் பேசிவிட்டது என்றுதான் சொல்கிறது. ஸ்டவுட்டில் காப்பி மணம் வெறும் கற்பனை அல்ல. காப்பிக்கொட்டையை வறுக்கும்போதும் பார்லியை வறுக்கும்போதும் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து ஒரே வகை வினைகளில் இறங்குகின்றன; பைரசின், ஃபியூரான் வகைச் சேர்மங்கள் இரண்டிலும் பிறக்கின்றன. ஆகவே காப்பி சேர்க்காத ஸ்டவுட்டில் காப்பி தெரிவதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. கசப்பும் அப்படியே. அதற்கு இரண்டு ஊற்றுகள்: ஹாப் பூவிலிருந்து வருவது ஒன்று, வறுவலிலிருந்து வருவது இன்னொன்று. முன்னது நாக்கின் பின்புறம் தங்கி நீளும். பின்னது உலர்த்தி, லேசாகத் துவர்த்து, கருகலில் முடியும். இவற்றைப் பிரித்தறிவது பயிற்சியால் வரும். வறுத்த தானியம் புளிப்பையும் கூட்டுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வெளிர் மால்ட்டை மட்டும் போட்டு வடித்தால் ஊறலின் காரத்தன்மை மிகுந்து பீர் கரடுமுரடாகும். வறுத்த தானியத்தின் அமிலம் அதைச் சமன்செய்கிறது. ஸ்டவுட் அங்கே வேரூன்றியதற்கும், மென்மையான தண்ணீர் கொண்ட செக் நாட்டுப் பில்செனில் பொன்னிற லாகர் பிறந்ததற்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இதெல்லாம் கோப்பைக்குள் உண்மையாக இருக்கிறவை. அவற்றைக் காணவிடாமல் மறைப்பதுதான் கறுப்பின் கெட்டிக்காரத்தனம்.

கிராஃப்ட் உலகுக்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டில் பீர் வடிப்பதை மத்திய அரசு அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்டவர்கள் சின்ன ஆலைகளைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் சீக்கோ நகரில் கென் கிராஸ்மன் தொடங்கிய சியரா நெவாடா, 1980 நவம்பரில் முதன்முதலாகக் கொப்பரையில் ஏற்றியது ஒரு ஸ்டவுட். வறுவலின் தைரியமான சுவை, புதியவர்களின் சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதும் ஸ்டவுட்டுக்கு அனுகூலம். அதே சமயம் இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மித் ஆலை, ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட்டை மறக்கப்பட்ட நிலையிலிருந்து மீட்டெடுத்தது. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கன் வழுவழுப்பைத் தரும். பால் சர்க்கரையான லாக்டோஸை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதைச் சேர்த்த மில்க் ஸ்டவுட்டில் இனிப்பு மிஞ்சி நிற்கும். இவையெல்லாம் வாய்க்குள் நிகழும் வேறுபாடுகள், கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. பிறகு போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறவைத்தவை வந்தன. வனிலா, தேங்காய், மேப்பிள் பாகு, பிஸ்கட் எல்லாம் போட்ட பேஸ்ட்ரி ஸ்டவுட்டுகள் வந்தன. என் பார்வையில் இந்தக் கடைசிக் கட்டம், கண்ணிடம் தோற்றுப்போன கட்டம். கறுப்பைப் பார்த்ததும் கனத்தை எதிர்பார்க்கிறவரை ஏமாற்ற விரும்பாமல், ஆலைகள் உண்மையாகவே கனத்தை ஏற்றிவிட்டன. 4 சதவீத ஸ்டவுட்டை நுட்பமாக வடிப்பது, 12 சதவீதத்தில் வனிலா ஊற்றுவதைவிடக் கடினம். மெலிந்த பீரில் பிழையை ஒளித்துவைக்க இடமில்லை.

லேபிளின் சேட்டைக்கும் சான்று உண்டு. எம்.ஐ.டி. வளாக மதுக்கூடங்களில் லியோனார்டு லீ, ஷேன் ஃபிரெடெரிக், டான் ஏரியலி மூவரும் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர் கலந்தார்கள். சொல்லாமல் கொடுத்தபோது கணிசமானவர்கள் அதைச் சாதா பீரைவிட விரும்பினார்கள். குடிப்பதற்குமுன் வினிகர் என்று சொன்னால் முகம் சுளித்தார்கள். இதில் முக்கியமான கண்டுபிடிப்பு மூன்றாவது குழுவினுடையது: குடித்தபின் சொன்னால் அவர்களுடைய விருப்பம் குறையவில்லை. முன்கூட்டி வந்த செய்தி சுவையையே மாற்றுகிறது, பின்னால் வந்த செய்தியால் அது முடிவதில்லை. 'காப்பி, கறுப்புச் சாக்லேட், வனிலா' என்று அச்சிட்ட லேபிளை முதலில் படித்துவிட்டு வாயில் வைப்பவர், லேபிளைத்தான் குடிக்கிறார். கடைசியில் படிப்பதற்கு அதை விட்டுவைப்பது செலவில்லாத வைத்தியம்.

கண்ணுக்கு இன்பம் தருவதும் ஸ்டவுட்டின் ஒரு பகுதிதானே என்று கேட்கலாம். ஆம், அதை மறுக்க வேண்டியதில்லை; அடங்கி நிற்கும் நுரையும் கீழிறங்கும் குமிழ்களும் அழகுதான், அதற்குத்தான் அந்த 3 மதிப்பெண். ரசிப்பது வேறு, அதை வைத்து மற்ற 47ஐயும் நிரப்புவது வேறு. தோற்றத்தைவிட வெப்பநிலை எவ்வளவோ முக்கியம். பனிக்கட்டிக் குளிரில் மணச் சேர்மங்கள் ஆவியாகாது. மூக்குக்கு எதுவும் எட்டாது, கசப்பும் குத்தலும் மட்டும் மிஞ்சும். வலுவான ஸ்டவுட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, 12 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குடித்தால்தான் பழமும் சாக்லேட்டும் வெளிவரும். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விட வேண்டும். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்குச் செல்லும் மணமே. இப்படிச் சுவைக்க நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் தொடங்கிய ஆலையின் வழிவந்த இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் மனமாரப் பாராட்டியது அது. பி.ஜே.சி.பி. கையேடு 2015இல் வெப்பமண்டல ஸ்டவுட்டைத் தனி வகையாகச் சேர்த்தபோது உதாரணமாகச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று. கண்ணுக்கு ஐரிஷ் ஸ்டவுட்போலவே இருந்தாலும், வாயில் அது இனிப்பும் கனிமணமும் தூக்கலாக உள்ள வேறு வம்சம்.

கறுப்பு விளைவித்த மோசமான நம்பிக்கை உடல்நலம் பற்றியது. இரத்தம் ஊறும், இரும்புச்சத்து இருக்கிறது என்று ஸ்டவுட்டை மருந்தாகப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. கின்னஸ் உடம்புக்கு நல்லது என்ற பொருளில் 1929இல் தொடங்கிய விளம்பரங்கள் அதற்கு உரமிட்டன. உண்மையில் ஒரு பைண்ட்டில் இருக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. ஒரு கைப்பிடி கீரை அதைவிட மேல். ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கறுப்பு பீருக்கு அதில் விலக்கு இல்லை. பிறகு எதற்குச் சுவைத்துப் பார்க்கும் கலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவருக்கோ, சுவைப்பதற்குத் தேவைப்படுவது நான்கைந்து மிடறுகள் மட்டுமே.

கண்ணை உண்மையிலேயே வெளியேற்றிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருப்பெற்ற மூன்று கோப்பைச் சோதனை இன்றும் ஆலைகளில் நடக்கிறது. உள்ளே தெரியாத கோப்பைகளில் இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர். வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். வெறுமனே ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், எனவே ஒரே வெற்றியை நம்ப முடியாது. சிறிய எண்ணிக்கையிலான சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு 1908இல் வழி வகுத்த வில்லியம் சீலி காசெட், கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியையும் ஹாப்ஸையும் குறைந்த மாதிரிகளை வைத்தே மதிப்பிட வேண்டியிருந்ததால் அந்தக் கேள்வி அவருக்கு எழுந்தது. தன் பெயரைப் போடாமல் 'மாணவன்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். இரண்டு ஸ்டவுட்டுகளும் நண்பர் ஒருவரும் இருந்தால் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கோப்பைகளை நிரப்பி இடம் மாற்றி வைப்பவர் நண்பர். சுவைப்பவர் அந்த நேரத்தில் அடுத்த அறையில் இருக்க வேண்டும். வெப்பநிலை மூன்றிலும் ஒன்றாக இருப்பது முக்கியம். தொடர்ந்து மூன்று சுற்றும் தற்செயலாகச் சரியாக வருவதற்கு 27இல் ஒரு வாய்ப்புதான்.